பெயரை விட்டுக்கொடுத்த ரங்கராஜன்: சுஜாதாவின் குற்றக்கதையும் பொதுமுகமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1960களின் தொடக்கத்தில் குமுதத்தில் இரண்டு ரங்கராஜன்களுக்கு இடமில்லாமல் போனது. ஒருவர் ரா. கி. ரங்கராஜன். கும்பகோணத்தில் பிறந்தவர், குமுதத்தின் ஆசிரியர் குழுவிலேயே இருந்தவர். மற்றவர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3ஆம் தேதி திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்து, விமானப் போக்குவரத்துத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பொறியாளர். வாசகர்கள் குழம்பக்கூடாது என்று இளையவர் தன் பெயரை விட்டுக்கொடுத்து, மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். சுஜாதா என்ற எழுத்தாளர் உருவானது இப்படி.

இந்தத் தகவல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவருடைய குற்றக்கதை நடை எப்படி மாறியது, ஏன் மாறியது என்று தேடப் போனால் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு ரங்கராஜன்களும் பெயரை நேர் எதிரான இரண்டு வழிகளில் பயன்படுத்தினார்கள்.

ரா.கி.ர. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டார். துப்பறியும் கதை என்றால் டி. துரைசாமி. திகில் கதை என்றால் கிருஷ்ணகுமார். நாடகத்துக்கு ஒரு பெயர், குறும்புக் கதைக்கு ஒரு பெயர். டி. துரைசாமியைப் பிரிக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும், கிடைக்கவும் செய்யும். சுஜாதா அதற்கு மாறாக, எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதினார். கொலை, காதல், கம்ப்யூட்டர், சங்கப் பாடல், ஆழ்வார்கள், திரைக்கதை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இதனால் அவர் பெயருக்குக் கிடைத்த வீச்சு தமிழில் வேறு குற்றக்கதை ஆசிரியர் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த வீச்சுக்கு விலை கொடுத்தது அவருடைய குற்றக்கதைதான் என்பது இந்த ஆய்வின் முடிவு. எப்படிக் கொடுத்தது என்பதைக் கீழே படிப்படியாகக் காட்டுகிறோம்.

எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது

முதல் தவறு புத்தகத்திலிருந்து தொடங்குவது. சுஜாதாவின் நாவல்கள் திருமகள் நிலையம், விசா, உயிர்மை, கிழக்கு என்று பல கைகள் மாறி வந்திருக்கின்றன. கையில் இருக்கும் பிரதியின் முதல் பக்கத்தில் உள்ள ஆண்டை, எழுதிய ஆண்டாக எடுத்துக்கொண்டால் நடை வளர்ச்சி தலைகீழாகிவிடும். 1960களின் கதை 1990களின் கதையாகத் தெரியும். அதனால் முதலில் வேண்டியது தொடர் வந்த இதழ்.

இதற்குக் காவிரிக் கரை ஊர்கள் தோதானவை. ஸ்ரீரங்கம், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கம் பழைய வீடுகளின் பரணில் இன்னும் பைண்டு வால்யூம்கள் கிடைக்கின்றன. வாராவாரம் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் அடுக்கி, ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, ட்வைன் நூலால் தைத்து, முதுகில் கலிகோ ஒட்டி அட்டை போட்டவை. இவற்றைக் கையாள்வதில் சில எச்சரிக்கைகள் உண்டு. ஓரத்தைச் சமப்படுத்த பைண்டர் வெட்டும்போது பெரும்பாலும் இதழின் தேதி வரி போய்விடும். அப்போது பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பாதி சினிமா விளம்பரம் இருக்கும், ஏதாவது ஒரு படத்தின் வெளியீட்டு அறிவிப்பு இருக்கும். அதை வைத்து மாதத்தைப் பிடித்துவிடலாம். இரண்டாவது, இடையில் ஒரு வாரம் விடுபட்டிருக்கும். பக்க எண் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு இதழிலும் தொடர் வேறு வேறு பக்கத்தில் வரும். அடுத்த வாரத்தின் முன்கதைச் சுருக்கத்தைப் படித்து, அதில் உள்ள சம்பவம் கையில் இருக்கிறதா என்று ஒப்பிடுவதுதான் வழி. மூன்றாவது, மைதா பசை ராமபாணப் பூச்சிக்குப் பிடித்த உணவு. முதுகுப் பக்கம் அரித்திருந்தால் விரித்து வைத்துப் படம் எடுக்கக்கூடாது, தையல் அறுந்துவிடும். பக்கத்தைத் தொண்ணூறு பாகைக்கு மேல் திறக்காமல், பக்கவாட்டில் ஒரு புத்தகத்தைத் தாங்கலாக வைத்து எடுக்க வேண்டும்.

தொடரும் புத்தகமும் கையில் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை எளிது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரப் பகுதியிலும் நான்கு இடங்களைக் குறிக்க வேண்டும்: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், "என்றான், என்றாள்" வரும் இடங்கள், ஒரு பாத்திரம் இன்னொருவருக்கு எதையாவது விளக்கிச் சொல்லும் பத்திகள். இந்த நான்காவதுதான் மிக முக்கியமானது. ஏன் என்பது பிறகு வரும்.

வாரப் பக்கம் கற்றுக்கொடுத்த நடை

சுஜாதாவுக்கு முன்னால் டெல்டாவிலிருந்து வந்த குற்றக்கதை ஆசிரியரைப் பார்த்தால்தான் அவர் செய்த மாற்றம் பிடிபடும். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், 1880இல் பிறந்து 1942இல் மறைந்தவர். மன்னார்குடிக்கு அருகே உள்ள வடுவூரை இன்று கோதண்டராமர் கோயிலுக்காகவும் பறவைகள் சரணாலயத்துக்காகவும் தெரிந்தவர்களே அதிகம். தாசில்தார் உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுத வந்தவர் அவர். மனோரஞ்சனி என்று சொந்தமாக மாதப் பத்திரிகை நடத்தினார். கும்பகோணம் வக்கீல், மேனகா போன்ற நாவல்கள் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டன. மேனகா 1935இலேயே படமாயிற்று. கும்பகோணம் வக்கீல் கதை 1950இல் எம். என். நம்பியார் பல வேடங்களில் நடிக்க, திகம்பர சாமியார் என்ற படமாக வந்தது.

சொந்தப் பத்திரிகைக்காரருக்குப் பக்கத்துக்குப் பஞ்சமில்லை. வாக்கியம் நீளலாம், வர்ணனை நீளலாம், ஆசிரியரே நடுவில் வந்து வாசகரோடு பேசலாம். வடுவூராரின் நடையை இன்று படிப்பவர்கள் அதைப் பழமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. மாதம் ஒருமுறை, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட காலத்துக்கு அந்த நடை கச்சிதமாகப் பொருந்தியது. காதால் கேட்பவருக்கு நீண்ட வாக்கியம் சுமையில்லை, அதன் ஏற்ற இறக்கமே வழிகாட்டும்.

குமுதத்தின் வாரப் பக்கம் வேறு ஜாதி. படமும் தலைப்பும் முன்கதைச் சுருக்கமும் போக, கதைக்கு மிஞ்சுவது சில பக்கங்கள்தான். பேருந்தில் நின்றுகொண்டு, கண்ணால், தனியாகப் படிப்பவருக்கானது. 1968இல் குமுதத்தில் வந்த நைலான் கயிறு இந்த நெருக்கடிக்குள் எழுதப்பட்டது. வக்கீல் கணேஷ் அறிமுகமானதும் அதில்தான். கொலை விசாரணைக்கு நடுவே ஒரு பெண்ணின் நாட்குறிப்புப் பக்கங்கள் வந்து வந்து போகும். அந்த நாட்குறிப்பு வெறும் அலங்காரம் இல்லை. ஒரு வாரப் பகுதிக்குள் இரண்டு குரல்களை வைத்தால், ஒரு குரல் நிற்கும் இடத்தில் மற்றது தொடங்கலாம், நடுவில் பாலம் கட்ட ஒரு பத்தி வீணாகாது.

இந்த இறுக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சிறு சோதனையில் பார்க்கலாம். கீழே உள்ள இரண்டும் இந்த ஆய்வுக்காக எழுதியவை, எந்தக் கதையிலிருந்தும் எடுத்தவை அல்ல.

"அன்றிரவு பத்து மணி சுமாருக்கு, தூறல் விட்டும் விடாமலும் இருக்க, தலையில் முக்காடிட்ட ஒருவன், இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு, தன்னை யாராவது தொடர்கிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி, கொள்ளிடக் கரையோரமாக மதகை நோக்கி நடந்து போனான்."

இதை வாரப் பக்கத்துக்கு வெட்டினால்:

"கொள்ளிடக் கரை. தூறல். மதகுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டவன் நின்றான்.
'யாரு?'
பதில் இல்லை.
'யாருன்னு கேக்கறேன்ல?'"

வாக்கியம் சின்னதாகிவிட்டது என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காமல் விடுவது வேறு ஒன்று. இரண்டாவதில் மணி இல்லை, இடுப்பில் செருகியது இல்லை. அந்த இரண்டு தகவல்களும் தொலைந்துபோகவில்லை, கிடப்பில் இருக்கின்றன. ஒன்றை அடுத்த வாரம் சாட்சி வாயிலாகச் சொல்லலாம், இன்னொன்றைப் பிரேதப் பரிசோதனையில் வைக்கலாம். கேட்டவன் யார் என்பதும் மூடியே இருக்கிறது. "என்றான்" என்று போட்டிருந்தால் யார் என்று காட்டியே ஆக வேண்டும். போடாததால் அதுவே ஒரு துப்பு.

சுஜாதாவைப் பின்பற்றி எழுதுபவர்கள் சறுக்குவது சரியாக இந்த இடத்தில். வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கிவிட்டு, தகவல் முழுவதையும் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள். வாசகருக்கு மூச்சு வாங்குகிறது, கதை நகரவில்லை. துண்டு வாக்கியத்தின் பயன் வேகம் மட்டும் அல்ல, எதை இப்போது சொல்லாமல் வைப்பது என்ற தேர்வு அதில் இருக்கிறது. படியில் இறங்குவதை எழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி அச்சிட்ட அவருடைய உத்தியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எப்போதாவது ஒருமுறை வந்ததால் அது கண்ணில் பட்டது. பத்திக்குப் பத்தி வந்தால் அச்சுப்பிழை போலத் தெரியும்.

இன்னொரு முடிவும் அவருக்குப் பெரிய பலமாக அமைந்தது. துப்பறிபவரை வக்கீலாக்கியது. நம் நாட்டில் தனியார் துப்பறிவாளருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. காவல் நிலையத்தில் அவரை உட்காரச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வக்கீலுக்குக் கட்சிக்காரரைச் சந்திக்க உரிமை உண்டு, முதல் தகவல் அறிக்கையின் நகல் கிடைக்கும், குற்றப்பத்திரிகையோடு வரும் வாக்குமூலங்கள் கிடைக்கும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கதைக்குள் தகவல் நுழைய நேர்மையான வாசல் இது. திருவிடைமருதூர்க்காரரான தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) இதே வாசலை வேறு பக்கத்திலிருந்து திறந்திருந்தார். ஜஸ்டிஸ் ஜகந்நாதனில் நீதிமன்றமே கதையின் களம். துப்பறியும் சாம்பு கதைகளிலோ துப்பறிவாளன் துப்பே துலக்காமல் அதிர்ஷ்டத்தால் வெல்வான். இரண்டையும் ஒரே மனிதர் ஆனந்த விகடனில் எழுதினார் என்பது நினைவில் வைக்க வேண்டியது.

கணேஷோடு பின்னர் வசந்த் வந்து சேர்ந்ததும் நடை இன்னொரு முறை மாறியது. தனியாக இருந்த கணேஷ் யோசிப்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டியிருந்தது. வசந்த் வந்த பிறகு யோசனை பேச்சாகிவிட்டது. ஒருவர் சந்தேகப்படுவார், மற்றவர் மறுப்பார். வாசகர் இருவருக்கும் நடுவில் நின்று கேட்பார். வசந்தின் கிண்டல், அவன் சொல்லத் தொடங்கி ஒருபோதும் முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் எல்லாம் வாசகரை அந்த அலுவலகத்தில் ஒருவராக ஆக்கின. கணேஷைப் போல யோசிக்க ஆசைப்பட்டு, வசந்தைப் போலப் பேசிய ஒரு தலைமுறையே உண்டு.

இதே வசந்த்தான் இன்று அந்தக் கதைகளில் அதிகம் உறுத்துபவன். பெண்கள் அறைக்குள் நுழைந்ததும் அவர்களின் உடலை அளந்து வரும் வர்ணனை, அதைத் தொடரும் வசந்தின் பேச்சு. காலம் அப்படி என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை. அந்தப் பத்திகளைப் பென்சிலால் அடைத்துவிட்டுப் படித்துப் பார்த்தால், பல இடங்களில் கதைக்கு ஒன்றும் குறையவில்லை என்பது தெரியும். குற்றக்கதையில் எடுத்தாலும் குறையாத பத்தி, இருக்கக்கூடாத பத்தி.

ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற இன்னொருவர்

1965இல் டெல்லியிலிருந்து கணையாழி என்ற சிற்றிதழ் தொடங்கியபோது, அதன் கடைசிப் பக்கத்தில் ஒருவர் எழுதத் தொடங்கினார். பெயர் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். படித்த புத்தகம், நல்ல கவிதை, மோசமான சினிமா, மொழி, அறிவியல் என்று எல்லாவற்றையும் பற்றி ஒரு பக்கத்தில் அபிப்பிராயம். எஸ்.ஆர். வேறு யாருமல்ல, குமுதத்தில் விட்டுக்கொடுத்த எஸ். ரங்கராஜனின் மிச்சம்தான். சுஜாதா என்ற பெயர் வெகுஜன இதழுக்கு, எஸ்.ஆர். சிற்றிதழுக்கு. கொஞ்ச காலம் அவரும் ரா.கி.ர.வின் வழியில்தான் நடந்தார்.

பெயரில் ஊர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காவிரிக் கரையிலிருந்து வந்த குற்றக்கதை ஆசிரியர்களிடம் இது திரும்பத் திரும்ப வருகிறது: வடுவூரார், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்., பிறகு பட்டுக்கோட்டை பிரபாகர். பெயரில் ஊரை வைத்துக்கொண்டு, கதையைப் பெரும்பாலும் பட்டணத்தில் நடத்துவது இந்த வரிசையின் வழக்கம். கணேஷின் அலுவலகம் ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியில் இல்லை.

எஸ்.ஆருக்கும் சுஜாதாவுக்கும் நடுவே இருந்த சுவர் மெல்லக் கரைந்தது. அந்தப் பத்திகள் பின்னாளில் கணையாழியின் கடைசிப் பக்கங்கள் என்று புத்தகமானபோது அட்டையில் இருந்த பெயர் சுஜாதா. ஜூனியர் விகடனில் ஏன்? எதற்கு? எப்படி? என்று வாசகர் கேள்விகளுக்கு அறிவியல் பதில் சொன்னவரும் சுஜாதா. அப்போது அவர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் இருந்த அதிகாரி. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் அந்த இயந்திரம் முதன்முதலாகத் தேர்தலில் பயன்பட்டது. தொடர்கதை எழுதுபவர் நிஜமாகவே தெரிந்தவர் என்ற நம்பிக்கை வாசகரிடம் உறுதிப்பட்டது. வாத்தியார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதியானவர். தமிழில் கணிப்பொறியைப் பயமில்லாமல் அணுகலாம் என்று சொல்லிக்கொடுத்ததில் அவர் பங்கு பெரியது.

குற்றக்கதை மட்டும் இந்த மரியாதையால் திசை மாறியது. பென்சிலால் குறித்த அந்த நான்காவது இடம், விளக்கிச் சொல்லும் பத்திகள், இங்கே கூடத் தொடங்குகின்றன. முன்பு கணேஷ் தனக்குத் தெரியாததை விசாரித்தான். இப்போது தனக்குத் தெரிந்ததை விளக்குகிறான். விசாரிப்பவன் பின்னால் வாசகர் ஓடுவார், விளக்குபவன் முன்னால் உட்கார்ந்துகொள்வார்.

இந்தத் திருப்பம் வெற்றி பெற்ற இடமும் உண்டு. கொலையுதிர் காலம் நாவலில் லீனாவின் வீட்டில் நடப்பவை பேயா, அறிவியலா என்ற வாதத்தில் கணேஷ் அறிவியல் பக்கமும் வசந்த் மறுபக்கமும் நிற்கிறார்கள். ஹோலோகிராம் பற்றிய விளக்கம் அங்கே பாடமாக நிற்கவில்லை, ஒரு கட்சியின் வாதமாக நிற்கிறது. எதிர்க்கட்சி இருப்பதால் வாசகரும் தீர்ப்பைத் தள்ளி வைக்கிறார். கடைசி வரை அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்காமல் விட்டது அவருடைய மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று. வாத்தியார் விடை தெரியும் என்று சொல்லாமல் நிற்கும் இடம் அது.

ஆ..! என்ற தொடர் வேறு வகைச் சோதனை. தலைக்குள் குரல் கேட்கும் ஒருவனின் கதை, ஒவ்வொரு அத்தியாயமும் "ஆ" என்ற ஒலியில் முடியும். வாரத் தொடரில் கடைசி வரி வாசகரைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அந்த விதியையே எடுத்து வெளிப்படையாக விளையாட்டாக்கிவிட்டார். இதில் ஒரு ஆபத்து உண்டு. வாசகர் மூன்றாவது வாரத்திலேயே முடிவை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார், பிறகு கதையை விட்டுவிட்டு "ஆ" எப்படி வரப்போகிறது என்று பார்ப்பார். தமிழில் அந்த ஒலிக்கு வலி, வியப்பு, இன்பம், ஞாபகம் என்று பல பொருள் இருப்பதால்தான் அது தாங்கியது. வேறு எந்த எழுத்தையும் வைத்து இதைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம்.

பொதுமுகம் என்ற விஷயத்தையே அவர் குற்றக்கதையாக எழுதியதும் உண்டு. நிர்வாண நகரம் நாவலில் ஒரு இளைஞன், இந்த நகரம் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்ற கோபத்தில், புனைபெயரில் கடிதங்கள் எழுதி ஊரையே தன் பக்கம் திரும்ப வைக்கிறான். புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் பசியைப் பற்றித் தமிழில் இத்தனை கூர்மையாக எழுதிய குற்றக்கதை வேறில்லை என்பது எங்கள் கருத்து. எழுதியவரே பெயரை விட்டுக்கொடுத்தவர் என்பதை மனத்தில் வைத்து இதைத் திரும்பப் படிக்க வேண்டும்.

பெயர் பெரிதானால் எதிர்ப்பும் பெரிதாகும். 1857 கிளர்ச்சியைக் களமாக வைத்து குமுதத்தில் கருப்பு சிவப்பு வெளுப்பு என்ற தலைப்பில் தொடங்கிய தொடர், ஒரு சமூகத்தைச் சித்திரித்த விதத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. பிறகு ரத்தம் ஒரே நிறம் என்று வேறு தலைப்பில் வந்தது.

முடிவுப் பகுதிகள் அவசரமாகின்றன என்ற குறையும் அவர் கதைகள் மீது நெடுநாளாக உண்டு. இதை எழுத்தாளரின் சோம்பலாகப் பார்ப்பது சரியில்லை. தொடர்கதையின் இயந்திரமே அப்படித்தான் ஓடுகிறது. வாராவாரம் ஒரு சந்தேகம் கூட்டப்படுகிறது. இருபது வாரத்தில் இருபது சந்தேகம். முடிவுக்கு இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. அந்தப் பக்கங்களில் இருபதையும் தீர்க்க ஒரே வழி, யாராவது ஒருவர் நின்று மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பது. கணேஷ் வாத்தியாரானதும் இந்த வேலை அவனுக்கு எளிதாகவும் வந்தது. இதற்கு மருந்து பழையது. குற்றவாளியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட்டு, ஒவ்வொரு துப்பும் எந்த வாரம் விதைக்கப்படுகிறது, எந்த வாரம் அறுவடையாகிறது என்று ஓர் அட்டவணையில் இரண்டு நிரலாக எழுதி வைப்பது. அறுவடை நிரலில் கடைசி வாரத்தில் மூன்றுக்கு மேல் விழுந்தால், முந்தைய வாரங்களுக்கு நகர்த்த வேண்டும்.

ஊர் திரும்பியது

1980களில் ஆனந்த விகடனில் ஸ்ரீரங்கத்து தேவதைகள் என்ற சிறுகதைகள் வந்தபோது, பெயரிலிருந்து போன ஸ்ரீரங்கம் கதைக்குள் திரும்பி வந்தது. அவற்றில் கொலை இல்லை. ஆனால் பதினைந்து இருபது ஆண்டுகள் குற்றக்கதை எழுதிய கை அங்கே வேலை செய்கிறது. எதை மறைப்பது, எந்த வரியில் அவிழ்ப்பது, எதை அவிழ்க்காமலே விடுவது என்ற கணக்கு அங்கே தெருவாசிகள் மீது, சிறுவயது அவமானங்கள் மீது, நிறைவேறாத ஆசைகள் மீது திரும்புகிறது. குற்றக்கதையில் வாத்தியாரானவர் இங்கே மறுபடி பையனாகிறார். விளக்கும் பத்திகள் இங்கே குறைவு. அவர் எழுத்தில் இன்று எதை முதலில் கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள் என்று கேட்டால், நாங்கள் தயங்காமல் சொல்வது இவற்றைத்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தக் கதைகளில் வரும் "நான்" பேசுவதை எஸ். ரங்கராஜனின் வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துக் கட்டுரை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கூடாது. சம்பவத்தை இடம் மாற்றி, ஆளை மாற்றி, ஒரு தகவலைக் கிடப்பில் போட்டு எழுதுவதே தொழிலாக இருந்தவர் அவர்.

1993இல் ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகு அவருடைய முகம் சினிமாவிலும் கற்றதும் பெற்றதும் பத்தியிலும் இருந்தது. இந்தியன், முதல்வன், சிவாஜி என்று வசனத்தில் அவர் பெயர் வந்தது. கணேஷும் வசந்தும் அவ்வப்போது வந்து போனார்கள். 2008 பிப்ரவரி 27இல் அவர் மறைந்தார்.

இப்போது எழுதுபவருக்கு

இந்த ஆய்வைத் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் இருந்து குற்றக்கதை எழுத வருபவர்கள் படிப்பார்கள் என்ற எண்ணத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கிறோம். கணேஷ்–வசந்த் கதைகளின் பலம் அவற்றின் சட்ட நுணுக்கமும் தொழில்நுட்பமும் அந்தக் காலத்துக்குச் சரியாக இருந்தது. அதையே நகல் எடுத்தால் இன்று தவறாகிவிடும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கொலையைக் கதையில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதக்கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குத் தண்டனை 103ஆவது பிரிவு. முதல் தகவல் அறிக்கை முன்பு 154, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 173. பழைய சட்டத்தில் 173 என்பது குற்றப்பத்திரிகைக்கான பிரிவு என்பதால், இந்த எண்ணை வைத்து ஒரு சாட்சி குழம்புவதைக்கூடக் கதையில் வைக்கலாம்.

ஊரைப் பெயரில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் துப்பாகவும் வைக்க, டெல்டாவில் தண்ணீரைவிட நல்ல பொருள் இல்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். தண்ணீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். கடைமடைக்குப் போக மேலும் பல நாள். ஆனால் எல்லா ஆண்டும் ஜூன் 12 இல்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் ஒருவன் வாய்க்காலில் மூழ்கிச் செத்ததாகக் கதை எழுதினால், மேட்டூர்த் தண்ணீர் இல்லாத வாய்க்காலில் எப்படி மூழ்கினான் என்று திருத்துறைப்பூண்டியில் படிக்கும் விவசாயி முதல் பக்கத்திலேயே கேட்பார்.

அந்தக் கேள்வியையே கதையாக்கலாம். பிரேதத்தின் நுரையீரலில் தண்ணீர் இருக்கிறது, கண்டெடுத்த வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. மதகில் லஸ்கர், அதாவது ஷட்டரை இயக்கும் பாசன ஊழியர், காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார், எத்தனை அடி, எத்தனை மணிக்கு ஷட்டர் ஏற்றினார் என்று. முறைப்பாசனம் நடக்கும் நாட்களில் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் முறை என்பதும் அதில் இருக்கும். சந்தேகப்படுபவன் சொல்லும் நேரத்துக்கும் அந்த நோட்டுக்கும் இரண்டு மணி நேரம் வித்தியாசம் வருகிறது. வக்கீல் அந்த நோட்டைக் கோர்ட்டில் ஆவணமாகக் குறியிடக் கேட்கிறார், எழுதியவரே கூண்டேறி இது தன் கையெழுத்து என்று சொல்ல வேண்டும். லஸ்கர் கூண்டில் ஏறுகிறார். நோட்டைப் புரட்டுகிறார். அந்தத் தேதிப் பக்கத்தில் மாலை அளவு மட்டும் வேறு மையில் இருக்கிறது.